விடாப்பிடி

வண்டியை வாசலில் நிறுத்தி, சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்துவிட்டு, அவள் ஸ்டீயரிங்கிலிருந்து கைகளை எடுத்தாள். இடது கை வந்தது. வலது கை கொஞ்சம் தாமதித்து வந்தது.

தாமதம் என்றால் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஈர விரலால் பிடித்த கண்ணாடி டம்ளரைக் கீழே வைக்கும்போது அது ஒரு கணம் ஒட்டிக்கொண்டு பிறகு பிரியுமே, அந்த மாதிரி. புழுக்கம் என்று நினைத்துக்கொண்டாள். ஸ்டீயரிங் வளையத்தைச் சுற்றித் தைத்திருந்த தோல் அவளைவிட வயதில் மூத்தது. எத்தனையோ கோடைகளின் வியர்வையைக் குடித்துக் கறுத்துப்போனது. மழை மூட்டம் போட்ட நாளில் பிசுபிசுக்காமல் என்ன செய்யும்? இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு உள்ளங்கையை உடையில் துடைக்கப் போனாள். துடைக்க ஒன்றுமில்லை. கை உலர்ந்துதான் இருந்தது. ஆனால் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ நெடுநேரம் அந்தக் கையைப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்துவிட்டு இப்போதுதான் எழுந்து போனதுபோல.

வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஒரு கால் எப்போதும் தன் பக்கத்து பிரேக்கின் மேல், ஒரு கை எப்போதும் மடியில் தயாராக, எதிரே லாரியைக் கண்டதும் எந்தப் பயந்தாங்கொள்ளியாவது கண்ணை மூடிக்கொண்டால் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்து நேராக்கி, "ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்வதிலேயே அவள் இளமை போயிற்று. ஊரில் எவன் கன்னாபின்னாவென்று ஓட்டினாலும் "அக்கா, உன் ஸ்டூடண்டா பாரு" என்பான் தம்பி. அடுத்தவர் ஓட்டும் வண்டியில் இத்தனை காலம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு, தான் மட்டும் ஓட்டுவதற்கென்று ஒரு வண்டி வேண்டும் என்ற ஆசை வந்ததில் தப்பில்லை.

அப்படித்தான் இந்த ஸ்போர்ட்ஸ் கார் வந்தது. இரண்டே இருக்கை, நீண்ட மூக்கு, உருண்டை விளக்குகள், மடக்கினால் பின்னால் சுருண்டுகொள்ளும் கித்தான் கூரை, கரும்பச்சை நிறம். ஒரு கண் டாக்டர் வாலிபத்தில் வாங்கி, கடைசிவரை வைத்திருந்தது. அவர் வயதாகி, தன் கட்டிலில், தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தவர். வண்டிக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமில்லை. வாங்குவதற்கு முன்பே அவள் விசாரித்திருந்தாள். டாக்டரின் மனைவி சாவியை இரண்டு விரல் நுனியில் பிடித்து நீட்டியதை மட்டும், அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வண்டியில் சொல்லும்படியான குறை ஒன்றே ஒன்று: ஸ்டீயரிங் ஆட்டம். வளையத்தை இந்தப் பக்கம் ஒரு விரற்கடை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை ஆட்டினாலும் டயர்கள் கண்டுகொள்ளாது. அதற்கு மேல் திருப்பினால்தான் மூக்கு திரும்பும். பழைய வண்டிக்கு இது சகஜம். ஆனால் அந்த ஆட்டத்துக்குள் ஏதோ இருந்தது. நேர்ச்சாலையில் வளையத்தை லேசாகப் பிடித்துக்கொண்டு போகும்போது, அந்த இரண்டு விரற்கடை இடைவெளிக்குள், மிக மெல்லியதாக ஒரு தள்ளல். வளைவு வருவதற்கு முன்பே, அவள் கை நினைப்பதற்கு முன்பே, வளையம் அந்தப் பக்கம் சாயும். ஆயிரம் பேரின் ஸ்டீயரிங்கில் தானே அப்படிச் சாய்த்தவள். அது எதைப்போல இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததைத் தனக்குள் சொல்லிக்கொள்ளத்தான் பிடிக்கவில்லை.

இதற்கிடையில் அவளுக்கே தெரியாமல் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டது. கையை எடுப்பதற்கு முன் வளையத்தை வெடுக்கென்று ஒருமுறை ஆட்டுவாள். உள்ளே எங்கோ 'டக்' என்று கேட்கும். கை வந்துவிடும். அதைப் பழக்கம் என்று அவள் உணர்ந்தது, ஒரு சிக்னலில் மூக்கைச் சொறியப் போன வலது கை வராமல் நின்றபோதுதான். இழுத்தாள். தோலோடு தோல் ஒட்டியிருந்தது. பச்சை விழுந்தது, பின்னால் ஹாரன்கள் கத்தின, பக்கத்து பஸ்ஸின் ஜன்னலில் ஒரு குழந்தை அவளையே பார்த்தது. வளையத்தை ஆட்டினாள். டக். கை வந்தது. உள்ளங்கை ரேகையெல்லாம் சிவந்து பதிந்திருந்தது.

அன்றைக்கே தம்பிக்குப் போன் செய்தாள். கை விஷயத்தைச் சொல்லவில்லை. "ஸ்டீயரிங் ரொம்ப ஆடுதுடா" என்று மட்டும் சொன்னாள்.

தம்பிக்கு ஊரில் 'நட்டு' என்று பெயர். நடக்கப் பழகிய வயதில் ஒரு நட்டை விழுங்கிவிட்டு, அது வெளியே வரும்வரை குடும்பத்தையே கழிவறை வாசலில் காக்க வைத்தவன். பிறகு மெக்கானிக்காகாமல் வேறு என்ன ஆவான் என்று அப்பா சொல்வார். தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப். சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற வேலையெல்லாம் நிறுத்திவிட்டு, வெளிநாட்டிலிருந்து பார்சலில் வந்த, ஸ்டீயரிங் தண்டுகளை இணைக்கும் புது ரப்பர் கப்ளிங்கைப் பிரித்து வைத்துக்கொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தான். மதியம் சாய்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூடப் பாதிதான் காதில் விழுந்தது. பழைய ஆயில், ஈர மண், வெல்டிங் போட்டு ஆறிய இரும்பு எல்லாம் கலந்த வாசனை. பகலிலேயே குழல் விளக்கு எரிந்தது.

வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கால் தூக்கி முட்டுக் கொடுத்துவிட்டு, உருளை வைத்த பலகையில் படுத்து அடியில் நுழைந்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

"அக்கா, இத வந்து பாரேன்" என்றான் சிறிது நேரத்தில்.

குனிந்து பார்த்தாள். மேலே ஸ்டீயரிங்கிலிருந்து இறங்கும் தண்டும், கீழே டயர்களைத் திருப்பும் தண்டும் சந்திக்கும் இடத்தில், உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஒரு ரப்பர். இரண்டு தண்டுகளையும் அந்த ரப்பர்தான் போல்ட்டுகளால் கட்டிப் போட்டிருந்தது.

"இத நம்பியா இத்தன நாள் ஓட்டின? காலண்டர் ஆணியில பீரோவ மாட்டி வச்ச மாதிரி இருக்கு."

"தேஞ்சு போச்சா?"

அவன் போல்ட்டுகளைக் கழற்றி, ரப்பரை உருவி, விளக்கடியில் கொண்டுவந்து வளைத்துக் காட்டினான். "தேயல. அறுத்திருக்காங்க."

வெடிப்பு இப்படி இருக்காது. ஒவ்வொரு போல்ட் துளையைச் சுற்றியும் மெல்லிய, நேரான, ஒரே ஆழமுள்ள கீறல்கள். சில கறுத்துப் பழையதாக இருந்தன. சில பிறகு விழுந்தவை. ஏதோ மிகக் கூர்மையான கத்தி. மிக நிதானமான கை.

"ஸ்டீயரிங் ஆடணும்னு யாராவது ஆசப்படுவாங்களா அக்கா? எவனோ கிறுக்குப் பய." அதை மேஜையில் வீசிவிட்டு மறுபடியும் அடியில் நுழைந்தான்.

அவள் மேஜையருகே நின்று அந்த ரப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொடவில்லை. மழை வலுத்தது.

"அக்கா, ஸ்டீயரிங்க திருப்பாத. விரல் உள்ள இருக்கு."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

வண்டியின் கதவு திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை. ஸ்டீயரிங் வளையம் மெதுவாக இடப்பக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. நின்றது. வலப்பக்கம் கொஞ்சம் வந்தது. மறுபடியும் இடம். இருட்டில் சுவிட்சைத் தேடும் கை சுவரைத் தடவுவதுபோல.

"அக்கா! சொல்றேன்ல?"

நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தாள். மேலே வண்டி, கீழே அவன். பதறி எழுந்தால் மண்டை உடையும். "சரிடா" என்றாள். தன் குரல் இவ்வளவு சாதாரணமாக வந்ததே அவளுக்குப் பயமாக இருந்தது.

வளையம் நின்றுவிட்டது. அவள் குரல் வந்த திசையில் காது வைத்ததுபோல.

அவன் வெளியே வந்து கை துடைக்கும்போது, தானாகச் சுற்றியதைச் சொன்னாள். அவன் சிரித்தான். "கீழ கழட்டியாச்சுல்ல, வளையத்துல எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம் இறங்கும். இதுக்கா மூஞ்சி வெளுத்துப்போச்சு?"

கனமான பக்கம் இறங்கத்தான் செய்யும். ஏறி, நின்று, யோசித்து, திரும்பாது. "இன்னிக்கு வேணாம்டா. அப்புறம் மாட்டிக்கலாம்."

"ஸ்டீயரிங் இல்லாத வண்டிய வச்சு என்ன பண்றது? தொட்டில் கட்டி ஆட்டறதா? அஞ்சு நிமிஷ வேலக்கா. நீ போய் ஒரு டீ போட்டுக் குடி."

அவன் புது ரப்பரை எடுத்துக்கொண்டு அடியில் போனான். அவள் முன்னறைக்குப் போனாள். டீ போடவில்லை. டாக்டரின் மனைவி எண்ணைத் தேடி அழைத்தாள். நெடுநேரம் மணி அடித்தது.

"யாரு, டீச்சரா? வண்டி நல்லா ஓடுதாம்மா?"

"ஒரு சின்ன விஷயம் கேக்கணும்மா. ஸ்டீயரிங்ல ஒரு ரப்பர். அத யாரோ அறுத்து வச்சிருக்காங்க…"

அந்த அம்மாள் அவளை முடிக்க விடவில்லை.

"மாத்திட்டீங்களா?"

"இப்ப மாத்திக்கிட்டிருக்கான், என் தம்பி."

"வேணாம்னு சொல்லுங்க. போய்ச் சொல்லுங்க. அறுத்தது அவர்தான். ஆபரேஷன் கத்தியால. வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா." அந்த அம்மாள் மளமளவென்று பேசினார், வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. "லூசா இருந்தாத்தான் கைய விடும்னு சொல்வார். இறுகிட்டா விடாது. ஆனா முழுசா அறுத்துடக் கூடாதும்பார். அத மட்டும் ரொம்ப பயந்து சொல்வார். ஏன்னு கேட்டா சொன்னதே இல்ல. நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்மா, வீட்ட விட்டுப் போனா போதும்னு—"

மழைச் சத்தத்துக்கு நடுவே இன்ஜின் உயிர்பெற்றது.

"அக்கா!" என்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து தம்பி கத்தினான். "ஒரு ரவுண்டு போய்ப் பாத்துட்டு வந்துடறேன்!"

போனை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். வண்டி வாசலைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. பச்சை வால், இரண்டு சிவப்பு விளக்குகள், திருப்பம். அவ்வளவுதான். அவன் போனுக்கு அடிக்கலாம் என்று நினைத்தாள். அவன் போன் மேஜை மேல், பழைய ரப்பருக்குப் பக்கத்தில் கிடந்தது.

வாசலில் நின்றாள். மழை முகத்தில் அடித்தது. தெருவில் ஒரு ஆள் இல்லை. எந்த இன்ஜின் சத்தம் கேட்டாலும் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். ஒரு பால் வண்டி போனது. ஒரு பைக். சுற்றுப்பாதை சிறியதுதான், இந்நேரம் வந்திருக்க வேண்டும். அவன் கைகளை நினைத்தாள். இருட்டிலும் எந்த நட்டு எந்த அளவு என்று தொட்டுச் சொல்லும் கைகள். அந்தக் கைகளால்தான் அவன் பெண்டாட்டி பிள்ளை எல்லோரும் சாப்பிடுகிறார்கள்.

வண்டி வந்தது.

மிக மெதுவாக வந்தது. தெருவின் நடுவில், நேராக. வாசலுக்கு முன்னால் தயங்கியது. பிறகு திரும்பி உள்ளே வந்தது. வைப்பர் ஒதுக்கிய கண்ணாடிக்குப் பின்னால் அவன் முகம் தெரிந்தது. ஒரு தோள் மேலே ஏறியிருந்தது. மற்றது இறங்கியிருந்தது.

இன்ஜின் திணறி அணைந்தது.

கதவைத் திறந்தாள். அவன் கைகள் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக் கிடந்தன. வளையம் சுற்றிய சுற்றுக்குக் கையை மாற்றிப் பிடிக்காமல், பிடித்த இடத்திலேயே பிடித்திருந்தான். மேலே இருந்த மணிக்கட்டு வளையக் கூடாத பக்கம் வளைந்திருந்தது.

"தொடாத அக்கா." பற்கள் அடித்துக்கொண்டன. "கை வரல. வளைவெல்லாம் அகலமா எடுத்து எப்படியோ வந்துட்டேன். உள்ள திரும்பறப்பதான்… தொடாத."

"வளையத்த ஆட்டுடா. வெடுக்குன்னு ஆட்டு."

"ஆட மாட்டேங்குது. புதுசு. துளிகூட ஆட மாட்டேங்குது."

அப்போது வளையம் நகர்ந்தது.

நின்ற வண்டியில். அணைந்த இன்ஜினோடு. இடப்பக்கம், ஒரு விரற்கடை. முன் டயர்கள் சிமென்ட் தரையில் நெறுநெறுவென்று அரைந்தன. அவன் முழங்கைக்குள் ஏதோ மளுக்கென்றது. அவன் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்தான், விடவில்லை.

பார்சலைப் பிரித்த கத்தி மேஜையில் இருந்தது. அது அறையின் மறுகோடியில். வளையம் மறுபடியும் நகர்ந்தது.

அவள் யோசிக்கவில்லை. சுற்றி ஓடி, பக்கத்துக் கதவைத் திறந்து, இருக்கையில் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்தாள்.

நின்றது.

தோல் அவள் உள்ளங்கைக்குள் வெதுவெதுவென்று அசைந்தது. தம்பியின் விரல்கள் விலகின. ஒன்று. இன்னொன்று. பிறகு எல்லாம். கைகளை மார்போடு அணைத்துக்கொண்டு அவன் வெளியே தரையில் விழுந்தான். அழுதான்.

"வந்துடுச்சுக்கா. கை வந்துடுச்சு. நீ இறங்கு."

அவள் இறங்கவில்லை.

"அக்கா?"

"கத்திய எடுத்துட்டு வா" என்றாள். சொல்லும்போதே வளையம் திரும்பத் தொடங்கியது. அவசரமில்லாமல். அவள் கைகளையும் கூட்டிக்கொண்டு. ஒரு முழங்கை மற்றதன் மேல் ஏறியது. தோள் முகத்தின் மேல் வந்தது. அவள் முகம் கதவின் பக்கம் திரும்பியது. டயர்கள் அரைந்தன. வலி தோளிலிருந்து பல்லுக்கு ஏறியது.

பிறகு கீழே 'தொம்' என்று ஒரு சத்தம். வளையம் நின்றது. அதிர்ந்தது. நகரவில்லை.

அவளுக்குப் புரிந்தது. டயர்கள் கடைசிவரை திரும்பி முட்டிவிட்டன. எந்த வண்டியிலும் அதற்கு மேல் ஸ்டீயரிங் சுற்றாது. வலித்தது. ஆனால் எலும்பு இன்னும் எலும்பாகத்தான் இருந்தது. இதற்கு மேல் போகாது. மூச்சு விட்டாள். யாரையாவது கூப்பிடலாம். தோலைக் கிழிக்கலாம். நேரம் இருக்கிறது.

வண்டிக்கு அடியில் சரசரப்பு. தம்பி ஏற்கெனவே உள்ளே நுழைந்திருந்தான். வீங்கிய கையால், முனகிக்கொண்டே, எதையோ அறுத்துக்கொண்டிருந்தான்.

முழுசா அறுத்துடக் கூடாதும்பார்.

யாருமில்லாத இருக்கையின் முன், எந்தப் பிணைப்பும் இல்லாமல், தன்னிஷ்டத்துக்குச் சுற்றிக்கொண்டிருந்த வளையம் அவள் நினைவுக்கு வந்தது.

"தம்பி, வேணாம்! அறுக்காத! டேய், அறுக்காதடா!"

தகரத்தில் மழை கொட்டியது.

"அறுத்துட்டேன் அக்கா!" கீழிருந்து அவன் குரல், அழுகையும் சிரிப்புமாக. "முழுசா அறுத்துட்டேன்! இனிமே அது எதையும் திருப்ப முடியாது!"

உள்ளங்கைகளுக்குள் தோல் சிலிர்த்தது. அதிர்வு அடங்கியது. கீழே முட்டி நிறுத்த இனி எந்தத் தடையும் இல்லை.

வளையம் இலேசாக, எண்ணெய் போட்டதுபோல, கால் சுற்று சுற்றியது. நின்றது. அவள் அலறி முடிக்கும்வரை காத்திருந்தது.

பிறகு மறுபடியும் சுற்றத் தொடங்கியது.